டோக்கியோ – லாஸ் ஏஞ்சலஸ்: தூரம் ஒன்றுதான், போகும் நேரமும் வரும் நேரமும் ஏன் வேறு?

தொடர்கதைக்காரி:

வணக்கம். துப்பறியும் தொடர்கதை ஒன்று எழுதிக்கொண்டிருக்கிறேன், ஒரு கணக்கில் வண்டி நின்றுவிட்டது.

கதையில் ஒரே நிமிடத்தில் இரண்டு விமானங்கள் கிளம்புகின்றன. ஒருவன் டோக்கியோவிலிருந்து லாஸ் ஏஞ்சலஸுக்குப் போகிறான். அவனைத் தேடும் பெண் அதிகாரி லாஸ் ஏஞ்சலஸிலிருந்து டோக்கியோவுக்குப் போகிறாள். பசிபிக் கடலுக்கு மேலே அவள் ஜன்னல் வழியாக எதிரே போகும் விமானத்தின் விளக்கைப் பார்க்கிறாள். அதில்தான் அவன் இருக்கிறான் என்பது அவளுக்குத் தெரியாது. யார் முதலில் தரையிறங்கி போனை எடுக்கிறார்கள் என்பதுதான் முடிச்சு. (விமானத்தில் வைஃபை இருக்குமே என்று கேட்காதீர்கள். இரண்டு விமானத்திலும் பழுதாக்கிவிட்டேன்.)

தூரம் சுமார் 8,800 கி.மீ. விமானம் மணிக்கு 900 கி.மீ. போகும் என்று வைத்தால் 9 மணி 47 நிமிடம் வருகிறது. இணையத்தில் இருக்கும் ஒரு கால்குலேட்டர் 11 மணி 26 நிமிடம் என்கிறது, இரண்டு திசைக்கும் அதே எண். டிக்கெட் பார்க்கிற பக்கத்திலோ டோக்கியோவிலிருந்து போக ஏறக்குறைய 10 மணி, திரும்பி வர 11 மணி 45 நிமிடம் என்று போட்டிருக்கிறது. மூன்று இடத்தில் மூன்று பதில். எதை நம்பி எழுதுவது? ஏன் இந்த வித்தியாசம்?

வட்டப்பாதை:

ரொம்ப எளிது. பூமி சுழல்கிறது இல்லையா? விமானம் மேலே இருக்கும்போது கீழே பூமி நகர்ந்துவிடும். அதனால் ஒரு பக்கம் நேரம் குறையும், இன்னொரு பக்கம் கூடும். பள்ளிக்கூடத்திலேயே சொல்லிக்கொடுத்திருப்பார்களே.

ஜன்னல்_சீட்டு:

பூமி சுழற்சி பற்றி எனக்குத் தெரியாது, ஆனால் நான் இந்த வழியில் போயிருக்கிறேன். டோக்கியோவிலிருந்து கிளம்பியபோது முன்சீட்டின் பின்னால் உள்ள திரையில் வேகம் மணிக்கு 1,150 கி.மீ. வரை காட்டியது. திரும்பும்போது 780, 800 என்றே ஊர்ந்துகொண்டிருந்தது. இரண்டுமே ஒரே மாதிரி விமானம்தான். 1,150 என்றால் ஒலியின் வேகத்தைத் தாண்டிவிட்டதா என்று அப்போதே ஒரு சந்தேகம், யாரிடமும் கேட்கவில்லை.

இன்னொன்று, திரும்பும்போது பைலட் “இன்றைய பறக்கும் நேரம் 11 மணி 5 நிமிடம்” என்று அறிவித்தார். டிக்கெட்டில் இருந்ததோ 11:45. நாற்பது நிமிடத்தை எங்கே ஒளித்துவைக்கிறார்கள்?

பழைய_டிஸ்பாட்சர்:

இந்தக் கேள்விக்கு நான் பதில் சொல்லாவிட்டால் வேறு யார் சொல்வது? விமானங்களுக்கு ஃப்ளைட் பிளான் போடுவதுதான் ஓய்வு பெறும்வரை என் வேலை. பைலட்டுக்குத் தொப்பி உண்டு, எங்களுக்கு நாலு கம்ப்யூட்டர் திரையும் ஆறிப்போன காபியும்.

முதலில் வட்டப்பாதை சொன்னதை முடித்துவிடலாம். பூமி மேற்கிலிருந்து கிழக்காகச் சுழல்கிறது. டோக்கியோ இருக்கும் அட்சரேகையில் அந்த வேகம் மணிக்குச் சுமார் 1,360 கி.மீ. விமானத்தை அப்படியே விட்டுவிட்டுப் பூமி மட்டும் நகர்வதாக இருந்தால், லாஸ் ஏஞ்சலஸில் மேலே எழும்பிச் சும்மா மிதந்தாலே போதும், ஏழு மணி நேரத்துக்குள் டோக்கியோ தானாகக் காலடிக்கு வந்துவிடும். அதாவது மேற்கே போகும் பயணம்தான் சீக்கிரம் முடிய வேண்டும். நடப்பது நேர் எதிர். காரணம், காற்றும் பூமியோடு சேர்ந்தே சுழல்கிறது. விமானம் பறப்பது அந்தக் காற்றுக்குள். சுழற்சிக்கு இதில் பங்கே இல்லை என்று சொல்லமாட்டேன். பங்கு உண்டு, ஆனால் சுற்றுவழியில். பூமத்திய ரேகைப் பக்கத்துச் சூடான காற்று துருவத்தை நோக்கி நகரும்போது, சுழற்சி அதைக் கிழக்குப் பக்கம் திருப்பிவிடுகிறது. அப்படித்தான் ஜெட் ஸ்ட்ரீம் உருவாகிறது. உங்கள் கதையின் வில்லன் அதுதான்.

தரையிலிருந்து 9 முதல் 12 கி.மீ. உயரத்தில், மேற்கிலிருந்து கிழக்கே ஓடும் காற்று ஆறு என்று வைத்துக்கொள்ளுங்கள். பயணிகள் விமானங்கள் பறக்கும் உயரமும் அதேதான். உலகத்திலேயே இது மிக வேகமாக ஓடும் இடங்களில் ஒன்று ஜப்பானுக்கு மேலே, குளிர்காலத்தில். மணிக்கு 300 கி.மீ.யைத் தாண்டுவது அங்கே செய்தியே இல்லை. முதலில் அளந்தவரும் ஜப்பானியர்தான். ஓயிஷி வசாபுரோ என்ற வானிலையாளர், 1920களில் தத்தேனோ ஆய்வுக்கூடத்திலிருந்து பலூன் விட்டுக் கணக்கெடுத்தார். வெளிநாட்டவர் படிக்கட்டும் என்று முடிவுகளை 1926இல், உலகப் பொதுமொழியாக உருவாக்கப்பட்ட எஸ்பெராண்டோவில் வெளியிட்டார். ஒருவரும் படிக்கவில்லை! 1944இல் டோக்கியோ மேல் குண்டு போட வந்த அமெரிக்க பி-29 விமானிகள், உயரத்தில் அந்தக் காற்றில் மாட்டிக்கொண்டு குறி தவறியபோதுதான் அவர்களுக்குப் புரிந்தது.

பயணிகள் விமானத்துக்கு அதைப் பயன்படுத்தியது 1952 நவம்பரில். பான் ஆம் விமானம் ஒன்று டோக்கியோவிலிருந்து ஹொனலுலுவுக்கு ஜெட் ஸ்ட்ரீமில் ஏறிப் போனது. 18 மணி நேரப் பயணம் 11 மணி 30 நிமிடமாகக் குறைந்தது. இத்தனைக்கும் புரொப்பெல்லர் காலம் அது.

இப்போது கணக்கு. மாக் 0.85, அதாவது ஒலி வேகத்தில் 85 சதவீதம், என்று பறக்கும் பெரிய விமானம், அந்த உயரத்துக் குளிரில், மணிக்கு ஏறக்குறைய 900 கி.மீ. போகும். அது காற்றைப் பொறுத்த வேகம். தரையைப் பொறுத்த வேகம் வேண்டுமென்றால் காற்றைக் கூட்ட வேண்டும், அல்லது கழிக்க வேண்டும். வழி நெடுகச் சராசரியாக 100 கி.மீ. காற்று என்று எடுங்கள். கிழக்கே போகும்போது 1,000: 8 மணி 48 நிமிடம். மேற்கே 800: சரியாக 11 மணி நேரம். இரண்டையும் கூட்டிப் பாருங்கள், 19 மணி 48 நிமிடம். காற்றே இல்லாவிட்டால் போகவர 19 மணி 33 நிமிடம்தான். போகும்போது லாபம், வரும்போது நஷ்டம், கணக்கு சரியாகிவிடும் என்று பலரும் நினைக்கிறார்கள். ஆகாது. எதிர்க்காற்றில் நீங்கள் அதிக நேரம் இருக்கிறீர்கள், அதனால் காற்று எப்போதுமே கொடுத்ததைவிட அதிகமாக எடுத்துக்கொள்ளும்.

கால்குலேட்டர் 11:26 சொன்ன ரகசியம் வேடிக்கையானது. அதற்குக் காற்றும் தெரியாது, திசையும் தெரியாது. மணிக்கு 500 மைல், அதாவது 805 கி.மீ., என்று ஒரு சராசரி வேகத்தை வைத்து வகுத்து, ஏற இறங்க அரை மணி நேரம் சேர்க்கிறது. 8,800ஐ அப்படிப் போட்டுப் பாருங்கள், அதே 11:26 வரும். ஊர் தெரியாத ஆளிடம் வழி கேட்ட மாதிரி, பதில் மட்டும் தெளிவாக வரும்.

ஜன்னல்_சீட்டு கேட்ட நாற்பது நிமிடத்தை யாரும் ஒளிக்கவில்லை. பைலட் சொன்னது சக்கரம் தரையை விட்டதிலிருந்து தரையைத் தொடும்வரை உள்ள நேரம். டிக்கெட்டில் இருப்பது பிளாக் டைம், விமானம் கேட்டை விட்டுப் பின்னால் நகர்ந்ததிலிருந்து அந்தப் பக்கம் கேட்டில் போய் நிற்கும்வரை. நடுவில் ஓடுபாதைக்கு ஊர்ந்து போவது, வரிசையில் நிற்பது எல்லாம் இருக்கிறது. ஆம்ஸ்டர்டாமில் போல்டர்பான் என்ற ஓடுபாதையில் இறங்கினால் டெர்மினல் வந்து சேரவே கால் மணி நேரம் ஆகிவிடும். அதற்கு மேல் விமான நிறுவனங்கள் ஒரு பத்து இருபது நிமிடம் தாராளமாகவும் போட்டுக்கொள்வார்கள், தாமதம் என்று பெயர் வாங்காமல் இருக்க. அமெரிக்கக் கணக்கில் 15 நிமிடத்துக்குள் வந்துவிட்டாலே ‘சரியான நேரம்’தான், அது போதாது என்று இதுவும்.

1,150 ஒலி வேகமா என்றால், இல்லை. ஒலி வேகமும் காற்றைப் பொறுத்ததுதான். காற்றே உங்களைச் சுமந்துகொண்டு ஓடும்போது அந்தக் காற்றுக்குள் நீங்கள் 900இல்தான் இருக்கிறீர்கள். 2020 பிப்ரவரியில் கியாரா புயலின்போது பிரிட்டிஷ் ஏர்வேஸ் 747 ஒன்று நியூயார்க்கிலிருந்து லண்டனுக்கு 4 மணி 56 நிமிடத்தில் போனது. தரை வேகம் மணிக்கு 1,300 கி.மீ.யைத் தாண்டியது. அப்போதும் ஒலியைத் தாண்டவில்லை. நிஜமாகத் தாண்டியது கான்கார்ட்: அதே வழியில் 1996 பிப்ரவரி 7 அன்று 2 மணி 52 நிமிடம் 59 நொடி.

மேடம், உங்களுக்குச் சுருக்கமான பதில்: டோக்கியோவிலிருந்து கிளம்பியவன் முதலில் இறங்குவான். ஒன்றரை மணி முதல் இரண்டு மணி நேரம் முன்னால்.

தொடர்கதைக்காரி:

சார், அருமை. இரண்டு மணி நேரம் முன்னால் என்பது கதைக்கு நான் கேட்டதைவிட நல்லது. அவன் போன் செய்து வேண்டியதை முடித்துவிடலாம், அவள் இன்னும் ஆகாயத்திலேயே இருப்பாள்.

அந்த ஜன்னல் விளக்குக் காட்சி சரியாக இருக்கிறதா? மற்றதை எப்படி வேண்டுமானாலும் மாற்றுவேன், அது எனக்கு மிகவும் பிடித்த பக்கம்.

பழைய_டிஸ்பாட்சர்:

பிடித்த பக்கத்தில்தான் கை வைக்கப்போகிறேன், கோபித்துக்கொள்ளாதீர்கள்.

இரண்டு ஊரும் கிட்டத்தட்ட ஒரே அட்சரேகையில் இருக்கின்றன. தட்டையான வரைபடத்தில் இடமிருந்து வலமாக ஸ்கேல் வைத்துக் கோடு போட்டால் அதுதான் நேர்வழி என்று தோன்றும். அந்தக் கோட்டிலேயே போனால் 9,300 கி.மீ. உருண்டையின் மேல் உண்மையான குறுக்குவழி வடக்கே வளைந்து, அலூஷியன் தீவுகளுக்குச் சற்றுத் தெற்கே வரை போய் இறங்கும். அதுதான் உங்கள் 8,800. வீட்டில் உலக உருண்டை இருந்தால் ஒரு நூலை இழுத்துப் பிடித்துப் பாருங்கள்.

ஆனால் நான் அந்தக் குறுக்குவழியில் விமானத்தை அனுப்பிய நாட்கள் குறைவு. எங்கள் தொழிலில் தரைத் தூரத்தை யாரும் பெரிதாக மதிப்பதில்லை. நாட்டிகல் ஏர் மைல் என்று ஒரு கணக்கு உண்டு, அதாவது காற்றுக்குள் எவ்வளவு தூரம் பறக்கிறோம் என்பது. எந்த வழியில் அது குறைவோ அதுதான் எங்களுக்குக் கிட்டத்து வழி. கிழக்கே போகிறவனைக் குறுக்குவழியை விட்டுத் தெற்கே இறக்கி, ஜெட் ஸ்ட்ரீமின் நடு ஓட்டத்தில் ஏற்றிவிடுவோம். தரையில் சில நூறு கிலோமீட்டர் கூடும், கடிகாரத்தில் குறையும், எரிபொருளும் மிஞ்சும். மேற்கே வருகிறவளை வடக்கே தள்ளி, அந்த ஓட்டத்துக்கு ஒதுங்கி, அலூஷியன் பக்கமாகவோ பேரிங் கடல் வழியாகவோ கொண்டுவருவோம். பசிபிக்கில் இதற்கென்றே தினமும் காற்றைப் பார்த்து வான்பாதைகளைப் புதிதாக வரைகிறார்கள். நேற்றைய பாதை இன்றைக்கு இருக்காது.

ஆக உங்கள் இருவரும் கடந்துபோகும் நேரத்தில் நடுவே பல நூறு கிலோமீட்டர் இருக்கும். ஜன்னலில் அவன் தெரியமாட்டான்.

ஆனால் விளக்கை அணைக்க வேண்டியதில்லை. அதே பாதையில் முன்னும் பின்னும், 300 மீட்டர் மேலேயோ கீழேயோ, வேறு விமானங்கள் நிச்சயம் போகும். இரவில் அந்த விளக்கு நன்றாகவே தெரியும். யாரோ ஒருவருடைய விளக்கைப் பார்த்து அவள் ஏதாவது நினைத்துக்கொள்ளட்டுமே. அது என் துறை இல்லை, உங்கள் துறை.

தொடர்கதைக்காரி:

யாரோ ஒருவருடைய விளக்கு! எடுத்துக்கொண்டேன்.

இன்னும் ஒன்றே ஒன்று. அந்த ஆளின் அப்பா 1974இல் லண்டனிலிருந்து டோக்கியோ போனதாக ஒரு பழைய அத்தியாயம் வருகிறது. லண்டன் – டோக்கியோ சுமார் 9,600 கி.மீ. என்று பார்த்தேன். அப்போதும் 12 மணி நேரம்தானா?

பழைய_டிஸ்பாட்சர்:

நல்ல வேளை கேட்டீர்கள். அந்த 9,600 கி.மீ. கோடு சைபீரியாவுக்கு மேலே போகிறது. அன்றைக்கு அது சோவியத் வானம். மாஸ்கோவில் இறங்கிப் போகும் சேவைகள் சில உண்டு, மற்றவர்களில் பலர் அலாஸ்காவைச் சுற்றித்தான் போனார்கள். கோபன்ஹேகனிலிருந்து ஆங்கரேஜ் வழியாக டோக்கியோவுக்குத் துருவ வழியை எஸ்.ஏ.எஸ். என்ற ஸ்காண்டிநேவிய விமான நிறுவனம் 1957இல் தொடங்கிவைத்தது. அப்பாவையும் அப்படியே அனுப்புங்கள்: லண்டனிலிருந்து ஆங்கரேஜ் 7,200 கி.மீ., ஒன்பது மணி நேரம். இறங்கி ஒரு மணி நேரம் கால் நீட்டிவிட்டு, மறுபடி 5,500 கி.மீ., ஏழு மணி நேரம். மொத்தம் பதினேழு மணி நேரத்தை ஒட்டி வரும். இறங்கியது ஹனேடாவில். நரிட்டா விமான நிலையம் 1978இல்தான் திறந்தது, மறந்துபோய் 1974இல் அங்கே இறக்கிவிடாதீர்கள்.

நகரங்களுக்கு இடையே ‘பறக்கும் நேரம்’ என்று ஒரு நிரந்தர எண் இருப்பதாக நினைப்பவர்களுக்கு நான் ஹெல்சிங்கி – டோக்கியோ கதையைத்தான் சொல்வேன். தூரம் 7,800 கி.மீ. பின்லாந்து விமான நிறுவனமான ஃபின்னேர் 1983இல் அந்த வழியில் டி.சி.-10 விமானத்தை எங்கேயும் நிறுத்தாமல் விட்டது. சைபீரியா இல்லாததால் வட துருவத்தின் மேலாக, 13 மணி நேரம். பிறகு சோவியத் வானம் திறந்தது, 9 மணி 30 நிமிடமாகக் குறைந்தது. ஹெல்சிங்கியை ஆசியாவின் வாசல் என்று சொல்லியே அந்த நிறுவனம் வளர்ந்தது. 2022இல் உக்ரைன் போரையடுத்து ரஷ்ய வானம் ஐரோப்பிய நிறுவனங்களுக்கு மூடியது. நவீன ஏ350 விமானம், பழையபடி வட துருவம், பழையபடி ஏறக்குறைய 13 மணி நேரம். பயணிகளுக்குத் துருவத்தைக் கடந்ததற்குச் சான்றிதழ் வேறு கொடுத்தார்கள். நாற்பது வருடத் தொழில்நுட்பம் ஒரு எல்லைக்கோட்டிடம் தோற்ற கணக்கு இது. லண்டன் – டோக்கியோவும் 12இலிருந்து 14 மணி நேரமாகிவிட்டது.

வட்டப்பாதை:

அப்படியென்றால் தெற்கு அரைக்கோளத்திலும் இப்படித்தானா? அங்கே காற்று எதிர்ப்பக்கம் வீசுமே?

பழைய_டிஸ்பாட்சர்:

வீசாது. அங்கேயும் மேற்கிலிருந்து கிழக்கேதான். சிட்னியிலிருந்து சாண்டியாகோ போவது வருவதைவிடச் சீக்கிரம். அந்தப் பக்கம் குறுக்குவழி அண்டார்க்டிகாவை நோக்கி வளையும், அவசரத்துக்கு இறங்க இடம் கிடையாது என்பது வேறு தலைவலி. நிலநடுக்கோட்டை ஒட்டிய வழிகளில் ஜெட் ஸ்ட்ரீம் எட்டாது, அங்கே போகவர வித்தியாசம் சொற்பம்.

ஜன்னல்_சீட்டு:

தொடர்கதைக்காரி, கதை எந்த மாதத்தில் நடக்கிறது? சார் சொன்னதை வைத்துப் பார்த்தால் அதுவும் கணக்கில் வரும் போலிருக்கிறதே.

தொடர்கதைக்காரி:

ஜூலை என்று வைத்திருந்தேன். மாற்ற வேண்டுமா? கிளம்பும் நேரம் டோக்கியோவில் வியாழன் மாலை 5 மணி.

பழைய_டிஸ்பாட்சர்:

ஜூலையில் ஜெட் ஸ்ட்ரீம் மெலிந்து வடக்கே ஒதுங்கிவிடும். வித்தியாசம் சுருங்கும், ஒரு மணி நேரத்தை ஒட்டிக்கூட வந்து நிற்கலாம். உங்கள் ஆளுக்கு நிறைய நேரம் வேண்டுமென்றால் ஜனவரிக்கு மாற்றுங்கள்.

ஜனவரி என்றால் இரண்டு ஊருக்கும் 17 மணி நேர வித்தியாசம். (ஜூலையில் 16. அமெரிக்காவில் கோடையில் கடிகாரத்தைத் தள்ளிவைப்பார்கள், ஜப்பானில் அந்த வழக்கமில்லை.) டோக்கியோவில் வியாழன் மாலை 5 மணி அடிக்கும்போது லாஸ் ஏஞ்சலஸில் வியாழன் பிறக்கிற நள்ளிரவு 12. இரண்டு ஊரிலும் அந்த நேரத்தில் விமானம் கிளம்புவது இயல்புதான், யாரும் குறை சொல்லமாட்டார்கள். அவன் பத்து மணி நேரம் பறந்து லாஸ் ஏஞ்சலஸில் வியாழன் காலை 10 மணிக்கு இறங்குவான். கிளம்பியது மாலை, இறங்கியது அதே நாள் காலை. தேதிக்கோடு செய்யும் வேலை. துப்பறியும் கதைக்கு இதைவிட என்ன வேண்டும், கடிகாரத்தைக் காட்டியே அவன் தப்பிக்கப் பார்க்கலாம்.

அவள் 11 மணி 45 நிமிடம் பறந்து டோக்கியோவில் வெள்ளி அதிகாலை 4:45க்கு வந்து சேர்வாள். இங்கே மட்டும் கவனம்: விமான நிலையம் ஹனேடா என்று எழுதுங்கள். நரிட்டாவில் நள்ளிரவுக்கு மேல் காலை 6 மணி வரை விமானங்களை இறங்க விடமாட்டார்கள்.